ஒன்பது குடித்தனம், இரண்டு கக்கூஸ்: தொற்றுக் காலத்தில் எங்கள் வீடு

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருப்பது ஸ்டோர் வீடு. தெருவாசலில் நுழைந்தால் இடுப்பில் குடத்தோடு ஒரு ஆள் போகிற அகலத்துக்கு நீளமாக ஒரு நடை. அதற்கு இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டுக் குடித்தனம், மாடியில் ஒன்று. நடையின் கடைசியில் இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை, ஒரு அடிபம்பு. எங்கள் பங்குக்குப் பத்துக்குப் பத்தில் ஓர் அறை, அதன் மூலையிலேயே அடுப்படி. நான், வீட்டுக்காரர், மகள், மாமனார், மாமியார் என்று ஐந்து பேர் அதில் இருக்கிறோம்.

2020 ஜூனில் எனக்கு கொரோனா என்று முடிவு வந்த அன்று ஒரு துண்டறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். நோயாளிக்குத் தனி அறை, தனிக் கழிவறை, மற்றவர்கள் ஆறடி தள்ளி இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் எங்கள் அறையில் என்னிடமிருந்து ஆறடி தள்ளிப் போனால் நடையில் நிற்க வேண்டும். நடையில் நின்றால் எதிர்க் குடித்தனத்துப் படியில்தான் கால் இருக்கும். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு என் மாமியார் கேட்டார்: "தனி ரூம்பு இருந்தா நாம ஏம்மா இங்க இருக்கப் போறோம்?"

காசிமேட்டிலிருந்து கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி வரைக்கும் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ. இடம் இல்லாத வீட்டில் தொற்றைத் தடுக்க எங்களிடம் இருந்தவை இரண்டுதான்: காற்று, நேரம். ஆளுக்கு ஆள் தள்ளி இருக்க முடியாவிட்டாலும் ஒருவர் போன நேரத்துக்கும் அடுத்தவர் போகும் நேரத்துக்கும் இடைவெளி விட முடியும். ஒருவர் விட்ட மூச்சு இன்னொருவர் மேல் வராமல் வெளியே தள்ள முடியும். இது புரிய எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. அதற்குள் பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த மே மாதம் நான் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோயம்பேடு மார்க்கெட்டை மூடிவிட்டுத் திருமழிசைக்கு மாற்றிய நேரம். சென்னையின் 15 மண்டலங்களுக்கும் தனித்தனியாக எண்ணிக்கை வெளியாகும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலில் எங்கள் ராயபுரம் மண்டலம்தான் முதலில் நின்றது. தையல் கடை மூடிக் கிடந்ததால் நான் இந்த வேலைக்குப் பெயர் கொடுத்தேன். ஒரு நோட்டு, நெற்றிக்கு நேரே பிடிக்கும் தெர்மாமீட்டர், முகக்கவசம். நூறு வீட்டுக்கு மேல் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

"வீட்டுல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கா?" என்று கேட்டால் பத்து வீட்டில் பத்து வீடும் "இல்ல" என்றுதான் சொல்லும். உள்ளே இருமல் சத்தம் கேட்கும்போதே "இல்ல" என்பார்கள். நான் வரும் நேரம் தெரிந்து முன்னாலேயே பாராசிட்டமால் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. தெர்மாமீட்டர் என்ன செய்யும், பாவம்.

ஒரு நாள் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் ஆயா ஒருவர் நெத்திலிக் கருவாட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பேச்சுக்காக, "என்னா ஆயா, வாசனை தெரு முனை வரைக்கும் வருது" என்றேன். அவர் கையை மூக்கருகில் கொண்டுபோனார். மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். "எனக்கு ஒண்ணும் தெர்லியேம்மா" என்றார். அவர் முகம் மாறியது இன்னமும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. அவருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. மறுநாள் முகாமில் மாதிரி எடுத்தார்கள், தொற்று இருந்தது.

அதற்கப்புறம் நான் கேள்வியை மாற்றினேன். "நேத்து என்ன கொழம்பு? எப்படி இருந்துச்சு?" என்று தொடங்குவேன். "என்னமோ வாய்க்கே பிடிக்கல", "உப்பு போட்டேனா இல்லையான்னே தெரியல", "ராத்திரி தூக்கமே இல்ல, ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்று தானாக வரும். காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் மூடிக்கொள்ளும் வாய், சாப்பாட்டைக் கேட்டால் திறந்துவிடும். வீட்டில் பெரியவர்களைத் தினமும் விசாரிக்கிறவர்கள் இன்றைக்கும் இப்படியே கேட்கலாம்.

சரி, எனக்கு எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். நூறு வீட்டு வாசலில் நின்றும் எனக்கு வரவில்லை என்றே நினைக்கிறேன். வாசலில் காற்று அடிக்கும். நான் கவசம் போட்டிருப்பேன். ஒரு வீட்டில் இரண்டு நிமிடம்கூட நிற்க மாட்டேன். மதியம் சாப்பிடத்தான் நாங்கள் ஆறு பேர் ஒரு சின்ன அறையில் உட்காருவோம். வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தி, மேலே மின்விசிறியைச் சுழலவிட்டு, கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிடுவோம். "நமக்குள்ளதானே" என்ற எண்ணம். ஒரே வாரத்தில் ஆறு பேரில் நான்கு பேர் படுத்தோம்.

இந்தக் கிருமி உடம்பில் புகுந்து சராசரியாக ஐந்து நாளில் நோயைக் காட்டும். 14 நாள் வரைகூட எடுக்கலாம். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே மூச்சில் வெளியேறத் தொடங்கிவிடும். எங்களில் முதலில் யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. அவரே நன்றாக இருந்த நாளில்தான் எங்களுக்குக் கொடுத்திருப்பார்.

நான் வீட்டில் செய்த தவறு அதைவிடப் பெரிது. உடம்பு வலித்த அன்றே சொல்லாமல், வெயிலில் நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவு ஐந்து பேரும் வழக்கம்போலவே படுத்தோம். கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் ஓடும் இந்தப் பக்கத்தில் கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திவிடுவோம். மூடிய அறை, நடுவில் மின்விசிறி, இரும நான். மாதிரி கொடுத்து முடிவு வர இன்னும் இரண்டு நாள். அதன் பிறகு என்னைச் சிகிச்சை மையத்துக்கு அழைத்துப்போய்ப் பத்து நாள் வைத்திருந்தார்கள், நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய மூன்று ராத்திரியில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் வந்தது. அப்புறம் பக்கத்துக் குடித்தனம், எதிர்க் குடித்தனம், பின்னால் கடைசிக் குடித்தனம். ஒன்பதில் நான்கு வீட்டில் படுத்தார்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள், அது எங்கள் நல்ல காலம். மாமியார் மட்டும் நான்கு மாதம் படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

அந்த நாட்களில் நாங்கள் சும்மா இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். நடை முழுக்க பிளீச்சிங் பவுடர் தெளித்தோம். வாசலில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். கபசுரக் குடிநீர் காய்ச்சி ஆளுக்கு ஒரு டம்ளர். கைகழுவுவது நல்ல பழக்கம், அதை விடக் கூடாது. சளி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் அது நல்லது. ஆனால் தரையைக் கழுவிய உழைப்பில் கால்வாசியை ஜன்னலைத் திறப்பதில் காட்டியிருந்தால் என் மாமியாருக்கு வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். இந்தக் கிருமி காற்றில் மிதந்து பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்ல 2021 ஆகிவிட்டது. நாங்கள் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

2021 மே மாதம். இரண்டாம் அலை. 10ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்ற காலம் அது. மாமனாருக்குக் காய்ச்சல் வந்தது. வயது 67, சர்க்கரை உண்டு, தடுப்பூசி ஒன்று மட்டும் போட்டிருந்தார். ஆக்சிஜன் 97 இருந்ததால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதே பத்துக்குப் பத்து அறை.

இந்தத் தடவை முதல் வேலையாக ஜன்னல் கொசுவுக்கு வழி செய்தேன். நைலான் வலையை ஜன்னல் அளவுக்கு வெட்டி ஓரம் மடித்துத் தைத்து, ஒட்டும் பட்டையை ஜன்னல் சட்டத்தில் ஒட்டி மாட்டினேன். தையல்காரிக்கு அரை மணி நேர வேலை. வலையில் பத்து நாளில் தூசி அடைத்துக்கொள்ளும், எடுத்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் வலையே ஜன்னலை மூடிவிடும்.

அடுத்து அவர் கட்டிலை எங்கே போடுவது என்ற கேள்வி. எங்கள் அறைக்கு வடக்கே நடையைப் பார்த்த கதவு, தெற்கே ஒரு சந்தைப் பார்த்த ஜன்னல். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. "அம்மா, ஊதுபத்தி ஏத்திப் பாக்கலாம்" என்றாள். காலையில் கட்டில் இருந்த இடத்தில், தலையணை உயரத்துக்கு ஒரு டப்பா மேல் ஊதுபத்தியை நட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லோரும் கதவுக்கு வெளியே நின்று பார்த்தோம். புகை கொஞ்ச நேரம் நேராக எழும்பியது. அப்புறம் ஜன்னல் பக்கமிருந்து ஏதோ தள்ளியது போல வளைந்து, அடுப்படியைத் தாண்டி, கதவு வழியாக எங்கள் முகத்துக்கே வந்தது. அதாவது அவர் விடும் மூச்சு முதலில் சமைக்கிறவர் மேல், அடுத்து நடை முழுக்க. மதியம் ஒரு மணிக்குக் கடல்காற்று கிளம்பிய பிறகு மறுபடியும் ஏற்றினோம். இப்போது புகை தலைகீழாகத் திரும்பி, நடையிலிருந்து உள்ளே வந்து ஜன்னல் வழியாகச் சந்துக்குப் போனது. மின்விசிறியைப் போட்டுப் பார்த்தால் புகை எந்தப் பக்கமும் வெளியே போகாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எல்லா மூலைக்கும் பரவியது. அந்தச் சாப்பாட்டு அறையில் எங்கள் ஆறு பேருக்கும் என்ன நடந்திருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

காற்று நேரத்துக்கு நேரம் மாறுவதால் அதை நம்பியிருக்க முடியாது. கட்டிலை ஜன்னலடிக்கு இழுத்தோம். டேபிள் ஃபேனை ஜன்னல் திட்டில் வைத்து அதன் முகத்தை வெளியே, சந்துப் பக்கம் திருப்பினோம். வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவே இல்லை. "இந்த வெயில்ல அப்பா மேல காத்து படாம வெளிய விடுற?" என்று சண்டை. ஊதுபத்தியை மறுபடியும் ஏற்றிக் காட்டினேன். எந்த நேரத்தில் ஏற்றினாலும் இப்போது கதவு வழியாகக் காற்று உள்ளே வந்தது, புகை நேராக ஜன்னலுக்குப் போய் வெளியே விழுந்தது. அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வேர்க்குமே என்று ஒரு பனையோலை விசிறி வாங்கி வந்து கொடுத்தார்.

இதைச் செய்கிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொருவர் ஜன்னல் இருந்தால் அவர் வீட்டுக்குள் தள்ளுவது போலாகிவிடும். எங்களுக்கு எதிரே ஒரு கிடங்கின் சுவர்தான். ஜன்னலே இல்லாத அறை என்றால் கதவோரம் படுக்கை போடுவதைவிட, முடிந்தால் மொட்டை மாடியில் நிழலுக்கு ஒரு தார்பாய் கட்டுவது மேல். எங்கள் வீட்டுக்காரரும் மகளும் அந்த இரண்டு வாரமும் மாடியில்தான் படுத்தார்கள். மாமியாரை மாடிக் குடித்தனத்து அக்கா தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டார். நான் ஒருத்திதான் மாமனாரைப் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொள்கிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும், அவருக்கு வயதும் வேறு நோயும் குறைவாக இருக்க வேண்டும்.

இனி கக்கூஸ். எங்கள் வீட்டில் இதுதான் பெரிய பிரச்சினை. 30 பேருக்கு மேல் இருக்கிறோம், இருப்பது இரண்டு. காலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரை நடையில் வாளியோடு வரிசை நிற்கும். பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் அங்கேதான். முதல் அலையில் எங்கள் வீட்டுக்குள் பரவியதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

எங்களுக்கு யோசனை கொடுத்தது தண்ணீர் லாரி. மெட்ரோ வாட்டர் லாரி வருவதற்கு முன்னாலேயே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் அவரவர் வாசலில் இருப்பார்கள். இந்தப் பக்கத்தில் இது நேற்று வந்த பழக்கம் கிடையாது. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. யாரும் அதைத் தள்ளிவிட்டு முந்த மாட்டார்கள். அதையே இங்கேயும் கொண்டுவந்தோம். மகளின் பழைய கரும்பலகையை அடிபம்புக்கு மேலே மாட்டி, ஒன்பது வீட்டுக்கும் கால் கால் மணி நேரமாகக் காலை நாலரையிலிருந்து எழுதினோம். ஒரு வீட்டுக்கு இரண்டு கக்கூஸும் அந்தக் கால் மணி நேரம் சொந்தம். நேரம் தாண்டினால் அடுத்த வீட்டுக்காரர் நடையில் வந்து நிற்காமல் தன் வாசலிலிருந்தே கூப்பிடுவார். காய்ச்சல் உள்ள வீடு எப்போதும் கடைசி. அவர்கள் போய் வந்ததும் கதவை அகலத் திறந்து வைத்து அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. மேலே வென்டிலேட்டரில் இருந்த கண்ணாடிச் சட்டங்களில் பாதியை வீட்டு ஓனரிடம் கேட்டுக் கழற்றினோம். மழை பெய்தால் சாரல் அடிக்கும், அடிக்கட்டும்.

அவசரம் என்றால்? மாமனாருக்குச் சர்க்கரை இருப்பதால் ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பார். ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கட்டிலருகே தொங்கவிட்டோம். இரண்டு தட்டு தட்டினால் நடையில் இருப்பவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் கவசம் போட்டுக்கொண்டு போய் வருவார். முதல் இரண்டு நாள் அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. மூன்றாம் நாள் எதிர்க் குடித்தனத்துத் தம்பி கதவுக்குள்ளிருந்தே, "மாமா, மெதுவா போங்க, ஒண்ணும் அவசரம் இல்ல" என்று குரல் கொடுத்தான். அதற்கப்புறம் தட்டுகிற சத்தத்தில் ஒரு தெம்பு வந்தது.

அந்த மே மாதம் எங்கள் வீட்டில் இரண்டு குடித்தனத்தில் மட்டும்தான் நோய் வந்தது. மாமனாரிடமிருந்து எங்கள் நான்கு பேருக்கும் வரவில்லை. எல்லாம் ஊதுபத்தியாலும் கரும்பலகையாலும்தான் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு முந்தைய வருடமே வந்து போயிருந்தது, சிலர் ஊசி போட்டிருந்தார்கள். ஆனால் முதல் அலையில் எங்கள் கைக்கு எதுவும் அடங்கவில்லை, இரண்டாவதில் அடங்கியது.

முகக்கவசத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். நோயாளி பக்கத்தில் போகும்போது துணிக் கவசம் போதாது, என்95 வேண்டும். ஒன்று போட்டால் அன்றைக்கே தூக்கி எறிய வசதி இல்லை. ஐந்து வாங்கி, ஐந்து காகித உறையில் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி மாட்டிவைத்து, நாளைக்கு ஒன்றாகச் சுழற்சியில் போட்டேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கும். இன்னொன்று, மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்பக்கம் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஓட்டை வால்வு வைத்த கவசத்தை நோயாளிக்குப் போட்டுப் பயனில்லை, அவர் மூச்சு அப்படியே வெளியே வந்துவிடும்.

மாமனாருக்கு ஏழாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இட்லி சாப்பிட்டார், பேப்பர் கேட்டார். எங்களுக்கு நிம்மதி. ஆனால் பல பேருக்கு மூச்சுப் பிரச்சினை தொடங்குவதே அந்த வாரத்தில்தான் என்று எங்கள் முகாம் டாக்டர் சொல்லியிருந்தார். ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டிப் பார்த்தால் 95. ஆறு நிமிடம் அறைக்குள்ளேயே மெதுவாக நடக்கச் சொல்லி மறுபடியும் மாட்டினேன். 91. அவர் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் சொன்னார். மூச்சு வாங்கவில்லை, முகம் சாதாரணமாக இருந்தது. அதைக் கேட்டு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, நல்லபடியாகத் திரும்பி வந்தார். அந்தக் கருவியை நாங்கள் ஒன்பது குடித்தனமும் பணம் போட்டு வாங்கியிருந்தோம். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு மாட்ட வேண்டும், விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும். எண் நிலையாக நிற்கும் வரை ஒரு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு தாத்தாவுக்கு அந்த நல்ல காலம் இல்லை. அவர் மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்தால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், தெருவே ஒதுக்கும், பதினாலு நாள் வண்டி எடுக்க முடியாது. அந்தப் பயத்தில் ஐந்து நாள் சொல்லவில்லை. ஆறாம் நாள் சொன்னார்கள், அன்றிரவே போய்விட்டார். நான் அந்த வீட்டு வாசலில் தினமும் நின்று கேட்டிருக்கிறேன். தினமும் "இல்ல" என்றுதான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால் நஷ்டம் வரும் என்றால் யார்தான் சொல்வார்கள்?

அதனால்தான் எங்கள் வீட்டில் முதலில் பேசி முடித்தது பணமும் சோறும். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த வீட்டுக்கு மற்ற எட்டு வீடும் முறை வைத்துச் சாப்பாடு கொடுக்கும். லாரித் தண்ணீரை எதிர்வீடு பிடித்து வாசலில் வைக்கும். ஓனரிடம் பேசி அந்த மாத வாடகைக்கு அவகாசம் கேட்பது மாடி அக்கா பொறுப்பு. யாரும் பெயர் சொல்லி வெளியே பேசக் கூடாது. இது முடிவான பிறகு மறைப்பது நின்றது. தும்மல் வந்தால்கூட வந்து சொன்னார்கள். தெரு முழுக்க நோட்டோடு நான் நடந்ததைவிட இந்த ஒரு பேச்சு அதிகம் பலன் கொடுத்தது.

தடுப்பூசிக்கும் பெரிய பாடுபட்டோம். 2021 ஏப்ரலில் 45 வயதுக்கு மேல் எல்லோருக்கும் போடத் தொடங்கிய நேரம். 17ஆம் தேதி நடிகர் விவேக் காலமானார். அவர் இரண்டு நாள் முன்னால்தான் ஊசி போட்டிருந்தார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள், ஆனால் எங்கள் தெருவில் அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. மாமியார் "நா போட மாட்டேன்" என்று படுத்துவிட்டார். நான் வாதாடவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் நான் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்க்க வைத்தேன். மூன்று நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். ஊசி போட்டாலும் தொற்று வரலாம், மற்றவருக்குக் கொடுக்கவும் செய்யலாம். ஆனால் ஆக்சிஜன் படுக்கை வரை போகும் ஆபத்து வெகுவாகக் குறையும். வயதானவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை ஃப்ளூ ஊசியும் உண்டு. மாமனாருக்கு இப்போது மழைக்காலத்துக்கு முன்னால் போட்டுவிடுகிறோம்.

வீட்டுக்காரர் காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலை. துறைமுகத்தில் ஏலம் விடுகிற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலை இருட்டில் ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு கத்துவார்கள். திறந்தவெளிதான், கடல்காற்று உண்டு. ஆனாலும் முகத்துக்கு நேரே கத்தினால் பேசுவதைவிடப் பல மடங்கு துளிகள் வெளியே வரும். ஏலக் கூடையைச் சுற்றி நிற்பவர்கள் எதிரும் புதிருமாக நிற்காமல், பக்கவாட்டில் நின்று காற்று முதுகுப்பக்கம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். எத்தனை பேர் கேட்டார்களோ. அவர் கேட்டார், அதுவே எனக்குப் போதும்.

சாவு வீடு இன்னும் கஷ்டம். கட்டிப்பிடித்து அழக் கூடாது என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நாங்கள் செய்தது, உடலை அறைக்குள் வைக்காமல் தெருவில் பந்தல் போட்டு வைத்ததுதான். அழுவது வெளியே நடக்கட்டும். டீயும் தண்ணீரும் உள்ளே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம். வளைகாப்பு, சடங்கு எல்லாம் மொட்டை மாடிக்கு மாறியது. ஒரு பெண்ணுக்கு மாடியில் சாயங்காலம் கடல்காற்றில் வளையல் போட்டோம். மண்டபத்தில் செய்ததைவிட நன்றாக இருந்தது என்று அவளே இப்போதும் சொல்கிறாள்.

கொரோனா இப்போது பேச்சில் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வீடாக இருமல் கிளம்பத்தான் செய்கிறது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்று ஒரு ஃப்ளூ ஊரையே படுக்க வைத்தது. இந்தக் கிருமிகளுக்கும் நம் மூச்சுதான் வாகனம். அதனால் கரும்பலகையை நாங்கள் கழற்றவில்லை. வலையும் ஜன்னலில்தான் இருக்கிறது.

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை நாலேமுக்காலுக்கு என் முறைக்கு எழுந்து போனேன். மூன்றாம் குடித்தனத்தின் பெயர் பலகையில் அதன் இடத்தில் இல்லை. யாரோ அழித்து, கோணல் எழுத்தில் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத குடும்பம். வாசலில் அவர்கள் பையன், நாலாம் வகுப்பு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீயா எழுதின?"

"ஆமா அத்தை. மூக்கு ஒழுவுது. நாங்க கடைசியா போறோம்."

உள்ளே அவன் அம்மா டேபிள் ஃபேனைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம்க்கா திருப்பணும்?" என்று கேட்டாள். நான் ஊதுபத்தி எடுத்து வரப் போனேன்.